இரவு இரண்டு மணிக்கு வரும் மெயில்: அலர்ட் வரம்பு வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பகலில் உட்கார்ந்து சர்வர் கண்காணிப்பு விதிகளை எழுதுகிறவர்கள் நீங்கள். அந்த விதிகள் அனுப்பும் மெயிலை இரவில் திறந்து பார்க்கிறவர்கள் நாங்கள். தரமணியிலும் சிறுசேரியிலும் சரவணம்பட்டியிலும் அமெரிக்க வாடிக்கையாளர்களின் சர்வர்களை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கும் ஷிப்ட் ஆட்கள், வீட்டிலிருந்தபடி ஆன்கால் பார்ப்பவர்கள், இவர்கள் எல்லோர் சார்பிலும் எழுதுகிறேன். நீங்களும் நாங்களும் ஒரே நிறுவனத்தில்தான் இருக்கிறோம், ஒரே கேன்டீனில்தான் சாப்பிடுகிறோம். ஆனால் நீங்கள் ஒரு கட்டத்தில் 80 என்று எண்ணைப் போட்டு 'சேவ்' அழுத்தும்போது, அந்த எண் எங்கள் இரவை என்ன செய்கிறது என்று நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. அதைப் பேசத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு கேள்வி. 'சிபியு 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது' என்று மெயில் வருகிறது. வந்ததும் நாங்கள் என்ன செய்வோம் என்று எதிர்பார்த்து அந்த விதியை எழுதினீர்கள்? சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யவா? யாரையாவது எழுப்பவா? பார்த்துவிட்டுப் படுக்கவா? பெரும்பாலான விதிகளுக்கு இதற்கான பதில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. மெயிலில் இருக்காது, விக்கியில் இருக்காது. விதியை எழுதியவரைத் தேடிப் போனால் அவர் வேறு டீமுக்கு மாறிப் பல மாதம் ஆகியிருக்கும்.

ஒரு சாதாரண இரவு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். இரண்டு மணிக்கு க்ரான் பேக்கப்பைக் கிளப்புகிறது. டேட்டாபேஸ் டம்ப் ஓடுகிறது, ஜிஸிப் அதைச் சுருக்குகிறது, ஆர்சிங்க் அதை வேறு இடத்துக்குத் தள்ளுகிறது. சில நிமிடங்களில் லோடு ஏறுகிறது. 'கிரிட்டிக்கல்' என்று தலைப்பிட்டு ஒரு மெயில். எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, விபிஎன் போட்டு, போனில் வரும் ஓடிபியைத் தட்டி, உள்ளே போய் 'டாப்' கட்டளையைப் போட்டுப் பார்ப்பதற்குள் அடுத்த மெயில் வந்துவிடுகிறது: 'ரிக்கவரி'. நேற்றும் இதே நேரத்தில் இதே இரண்டு மெயில்கள் வந்தன. நாளையும் வரும். பேக்கப் ஓடுவது நல்ல விஷயம். ஓடாமல் போனால்தான் நாங்கள் எழுந்திருக்க வேண்டும். ஆனால் அது ஓடாமல் போன அன்று எந்த மெயிலும் வருவதில்லை. இதை நீங்கள் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். நல்லது நடக்கும் இரவுகளில் எழுப்பிவிட்டு, கெட்டது நடக்கும் இரவில் தூங்கவிடும் ஏற்பாடு அது.

ஆன்காலில் இருப்பவர்களுக்கு மெயிலோடு போனும் அடிக்கும். நம் வீடுகளில் அகாலத்தில் போன் அடித்தால் ஊரில் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் முதலில் பதறும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மாமியார் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து கதவருகில் நின்று, 'யாரும்மா போன்ல? ஒண்ணும் இல்லையே?' என்று கேட்பார். 'ஒண்ணும் இல்ல அத்தை, பேக்கப்தான், நீங்க படுங்க' என்று இவள் சொல்வாள். அத்தை போய்ப் படுத்தாலும் அதன் பிறகு அவருக்குத் தூக்கம் வராது. அந்த வீட்டில் இரண்டு பேருடைய தூக்கம் போனதற்கு ஜிஸிப் காரணமில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது. அது எப்போது ஓடும் என்று யோசிக்காமல் வைத்த வரம்புதான் காரணம்.

அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்றும் பார்ப்போம். ஈத்தன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, பிறகு நாகியோஸ் ஆன மென்பொருளை உங்களில் பலர் இன்னும் வைத்திருக்கிறீர்கள். அதோடு வரும் மாதிரிக் கோப்பு, நிறுவிய இயந்திரத்தையே கண்காணித்துப் பழகுவதற்காக வைக்கப்பட்டது. அதில் லோடு ஆவரேஜுக்கு எச்சரிக்கை அளவு 5, 4, 3. ஆபத்து அளவு 10, 6, 4. டிஸ்க்கில் 20 சதவீதம் மிச்சமிருந்தால் எச்சரிக்கை, 10 சதவீதம் என்றால் ஆபத்து. வேலை செய்யத் தொடங்குகிறவர் பார்த்துப் புரிந்துகொள்ளக் கொடுத்த எண்கள் இவை. அந்தக் கோப்பை நகலெடுத்து, சர்வர் பெயரை மட்டும் மாற்றி, நூறு இயந்திரங்களுக்கும் போட்டுவிடுகிறீர்கள். 16 கோர் உள்ள இயந்திரத்தில் லோடு 5 என்றால் அதன் திறனில் மூன்றில் இரண்டு பங்கு சும்மா கிடக்கிறது. 8 டெராபைட் டிஸ்க்கில் 20 சதவீதம் மிச்சம் என்றால் 1.6 டெராபைட் காலியாக இருக்கிறது. அதற்கு ஒரு எச்சரிக்கை. 40 ஜிபி டிஸ்க்கில் 10 சதவீதம் என்றால் 4 ஜிபி. கட்டுமீறி எழுதும் ஒரு லாக் ஃபைல் அதைச் சில நிமிடங்களில் தின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே விதி, ஒரே வார்த்தைகளில் மெயில்.

லோடு ஆவரேஜைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு அதிக மெயில் அதிலிருந்துதான் வருகிறது. அதை சிபியு அளவென்று நினைத்து வரம்பு வைக்கிறீர்கள். லினக்ஸில் அது அப்படி இல்லை. 1993இல் செய்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, சிபியுவுக்காக வரிசையில் நிற்கும் வேலைகளோடு, டிஸ்க் பதிலுக்காக அசைய முடியாமல் நிற்கும் வேலைகளும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. 'டாப்' திரையில் 'டி' என்ற எழுத்தோடு தெரியுமே, அவைதான். என்எஃப்எஸ் மவுன்ட் ஒன்று தொங்கிப்போனால், சிபியு வெறுமனே இருக்கும்போதே லோடு நூறைத் தாண்டும். அப்போது நாங்கள் பார்க்க வேண்டிய இடம் ஸ்டோரேஜ். உங்கள் மெயிலோ 'லோடு அதிகம்' என்பதோடு நின்றுவிடுகிறது. கோர் எண்ணிக்கையால் வகுக்காத லோடு எண்ணை வைத்துக்கொண்டு எங்களால் எந்த முடிவுக்கும் வர முடியாது. வகுத்த பிறகும் அது ஒரு குறிப்புதான். எழுப்புவதற்கான காரணம் ஆகாது.

மெமரியிலும் இதே கதை. சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுக்கும். இது தெரியாமல் 'பயன்பாட்டில் 92 சதவீதம்' என்று தினமும் கத்திக்கொண்டிருக்கும் விதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை கெர்னலே தனியாகக் கணக்குப் போட்டு, 'மெம்அவைலபிள்' என்ற பெயரில் 2014 முதல் கொடுக்கிறது. 'ஃப்ரீ' கட்டளையின் கடைசிப் பத்தியில் அதைப் பார்க்கலாம். வரம்பை அதற்கு வையுங்கள். அதைவிட நல்லது, ஸ்வாப்புக்குள் பக்கங்கள் இடைவிடாமல் போவதும் வருவதுமாக இருக்கிறதா என்று பார்ப்பது. கெர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்றுவிட்டது என்று லாகில் வந்தால் எங்களை உடனே எழுப்புங்கள். அதற்கு எழுந்திருக்க நாங்கள் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னல் முதல், சிபியுவுக்கோ மெமரிக்கோ டிஸ்க்குக்கோ காத்திருந்தே வேலைகள் எவ்வளவு நேரத்தை இழக்கின்றன என்பதை அளந்து சொல்லும் வசதியும் இருக்கிறது. கையில் இவ்வளவு கருவிகள் இருந்தும் மாதிரிக் கோப்பின் எண்களையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

இந்த மெயில்களுக்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். அவுட்லுக்கில் ஒரு ரூல். கண்காணிப்பு முகவரியிலிருந்து எது வந்தாலும் 'அலர்ட்ஸ்' என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் வாரத்தில் சீனியர் சொல்லிக்கொடுக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. அந்த ஃபோல்டரின் பக்கத்தில் படிக்காத மெயில்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும். உங்கள் இன்பாக்ஸிலும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்களே திறக்காத ஒன்றை நாங்கள் திறப்போம் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மேலாளர்கள் இன்னொன்றையும் செய்கிறார்கள். அலர்ட் வந்து எத்தனை நிமிடத்தில் 'அக்னாலெட்ஜ்' அழுத்தினோம் என்பதை மாதாந்திர அறிக்கையில் போட்டு, அதை வைத்து எங்கள் வேலையை மதிப்பிடுகிறார்கள். அதனால் என்ன நடக்கிறது? கண்ணைத் திறக்காமலே பொத்தானை அழுத்தப் பழகிவிடுகிறோம். அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருக்கும். சர்வரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

'இருந்துட்டுப் போகட்டுமே, ஒரு மெயில்தானே, பாதுகாப்புக்கு நல்லதுதானே' என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை இதற்குப் பதிலாக வைக்கிறேன். புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் போட வேண்டியிருந்தது, ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ஒன்றில் 'பவர் பெக்' என்ற பழைய நிரல் அப்படியே கிடந்தது. காலை 8 மணி கடந்ததிலிருந்தே அவர்களுடைய சிஸ்டம் அந்தப் பெயரைக் குறிப்பிட்டு ஊழியர்களுக்குத் தானாக மெயில் அனுப்பத் தொடங்கியது. 9.30க்குச் சந்தை திறப்பதற்குள் போனவை 97 மெயில்கள். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் மறு ஆண்டு வெளியிட்ட ஆணையில் இது பதிவாகியிருக்கிறது. அவை எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று வடிவமைக்கப்பட்டவை அல்ல, ஊழியர்கள் பொதுவாக அவற்றைப் படிப்பதும் இல்லை என்றும் அதே ஆணை சொல்கிறது. சந்தை திறந்தது. சுமார் 45 நிமிடத்தில் அந்த நிறுவனம் செய்துவிட்ட தவறான வர்த்தகத்தால் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

மெயில் போகாததால் வந்த நஷ்டம் இல்லை அது. சரியான மெயில், சரியான ஆட்களுக்கு, சந்தை திறப்பதற்கு முன்பே போயிருக்கிறது. படிக்கத் தேவையில்லாத மெயில்களைப் போலவே அதுவும் வந்ததால் அதுவும் படிக்கப்படவில்லை. அந்த ஊழியர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தால் உங்களுக்கும் வராது.

இது நம் துறைக்கு மட்டும் உரிய கோளாறும் இல்லை. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையிலிருந்த இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைக் கவனித்து, ஒப்புக்கொண்டு, நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ இரண்டரை வினாடிக்கு ஒன்று. அவற்றில் எது உயிரைக் காக்கும் அலாரம் என்று எப்படித் தேட முடியும்? பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறை விசாரித்து, அலாரங்கள் அளவுக்கு அதிகம், முன்னுரிமை சரியில்லை என்று எழுதியது. தொழிற்சாலைக்காரர்கள் அதன் பிறகு அலாரம் அமைப்பதையே தனித் துறையாக வளர்த்துக்கொண்டார்கள். நாம்தான் இன்னும் மாதிரிக் கோப்பில் நிற்கிறோம்.

தேவையற்ற விதிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். ஒரு பெரிய கோளாறு நடக்கிறது. மறுநாள் அதன் மூல காரணத்தைத் தேடும் ஆர்சிஏ கூட்டம். 'இது மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று வாடிக்கையாளர் கேட்கிறார். 'இதற்கு ஒரு அலர்ட் போட்டுவிட்டோம்' என்பதுதான் அந்த அறையில் கிடைக்கும் மிகச் சுலபமான பதில். எக்ஸெல்லில் அந்த வரிக்கு எதிரே 'முடிந்தது' என்று போட்டுவிடலாம். அடுத்த முறை கோளாறு வந்தால் கேள்வி மாறிவிடுகிறது: 'மெயில் போயிருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா?' இப்படித்தான் உங்கள் மேஜையில் இருந்த பொறுப்பு எங்கள் இன்பாக்ஸுக்கு நகர்கிறது. நீங்கள் இதைத் திட்டமிட்டுச் செய்வதாகச் சொல்லவில்லை. ஆனால் விளைவு அதுதான், அதில் மனம் புண்பட்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய. ஒரு எச்சரிக்கையைப் போடுவது கோளாறைச் சரிசெய்வது ஆகாது. பல சமயம் சரிசெய்யாமல் தள்ளிப்போட அது வழி செய்கிறது.

உங்கள் பக்கத்துப் பயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. வரம்பைத் தளர்த்திய மறுவாரமே ஏதாவது விழுந்தால் 'யார் தளர்த்தச் சொன்னது?' என்பார்கள். மௌனமும் ஆபத்தானதுதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல க்ரான் அனுப்பிய மெயில்களோ டிமார்க் என்ற மெயில் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. நடந்ததை மறைக்காமல் அவர்களே எல்லோருக்கும் எழுதி வைத்தார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். எனவே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேக்கப் ஓடும்போது வரும் லோடு மெயிலை எடுத்துவிட்டு, பேக்கப் முடிந்த செய்தி குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் எழுப்பும் விதியை அந்த இடத்தில் வையுங்கள் என்கிறேன். எச்சரிக்கை வரும் பாதையே உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, எந்நேரமும் ஒலித்துக்கொண்டே இருந்து நின்றுபோனால் மட்டும் தெரிவிக்கும் ஒரு 'வாட்ச்டாக்' அலர்ட்டையும் வையுங்கள்.

எண்ணை 80இலிருந்து 90க்கு ஏற்றினால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 90ஐயும் பேக்கப் தாண்டும். பெரும்பாலான இடங்களில் எண்ணைவிட முக்கியமானது, எவ்வளவு நேரம் அந்த நிலை நீடிக்கிறது என்பது. பிராமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் விதிக்குக் கீழே 'ஃபார்' என்று ஒரு வரி எழுதி 15 நிமிடம் என்று போட்டால், பதினைந்து நிமிடமும் தொடர்ந்து மீறினால்தான் மெயில் கிளம்பும். நாகியோஸில் இதே காரியத்தை 'சாஃப்ட்', 'ஹார்டு' என்ற இரண்டு நிலைகள் செய்கின்றன. எத்தனை முறை சரிபார்த்த பிறகு அறிவிக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதில் 1 என்று போட்டு வைத்திருக்கும் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு பிங் தவறினால்கூட ஒரு மனிதன் எழுந்தாக வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் ஒன்றாக இருப்பது அடுத்த தொல்லை. 89, 91, 89, 91 என்று ஊசலாடும் டிஸ்க் ஒன்று போதும், விடிய விடிய 'கிரிட்டிக்கல்', 'ரிக்கவரி' என்று மாறி மாறி மெயில் வர. மாடித் தொட்டிக்கு வைக்கும் ஆட்டோமேட்டிக் மோட்டாரை நினைத்துப் பாருங்கள்: தண்ணீர் அடியில் இறங்கினால் ஓடும், மேலே நிறைந்தால் நிற்கும், இரண்டு சென்சாரையும் ஒரே மட்டத்தில் வைத்தால் மோட்டார் ஒரு வாரம் தாங்காது. ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் மீள்வதற்குத் தனி நிபந்தனை எழுதும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது. 90இல் எச்சரித்து 80க்குக் கீழே வந்தால் மட்டும் சரியாகிவிட்டது என்று சொல்ல வைக்கலாம்.

டிஸ்க்குக்கு நான் கேட்பது வேறு. சதவீதத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கேளுங்கள். இரண்டு வருடமாக 85 சதவீதத்தில் அசையாமல் நிற்கும் ஆவண டிஸ்க்குக்குத் தினமும் மெயில் வருகிறது. 40 சதவீதத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் நிரம்பிக்கொண்டிருக்கும் லாக் டிஸ்க், 90ஐத் தொடும்வரை வாயே திறப்பதில்லை. திறக்கும்போது எங்களுக்கு மிச்சமிருப்பது அரை மணிதான். கடந்த ஆறு மணி நேரப் போக்கை வைத்து, இன்னும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இடம் தீருமா என்று கணித்துச் சொல்லும் செயல்பாடு பிராமீதியஸில் தயாராக இருக்கிறது. நாளைக்குத் தீரும் என்றால் டிக்கெட் போடுங்கள், காலையில் வருகிறவர் பார்ப்பார். இரண்டு மணி நேரத்தில் தீரும் என்றால் எங்களை எழுப்புங்கள்.

ஒரு ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் நாற்பது சர்வர்களும் தனித்தனியாக மெயில் அனுப்புவதையும் நிறுத்த முடியும். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் கருவியே மற்றவற்றை அடக்கிவிடும், ஒரே மெயிலாகவும் தொகுத்துவிடும். உங்களுக்கு ஒரு நாள் வேலை அது. அந்த ஒரு நாளை யாரும் ஒதுக்கித் தருவதில்லை என்பதுதான் உண்மையான தடை. மேலாளர்களே, இந்த வரி உங்களுக்கு.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. சிபியு எவ்வளவு, ரேம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், தளத்தைத் திறக்கிறவருக்குப் பக்கம் வருகிறதா, பணம் கட்டுகிறவருக்குக் கட்ட முடிகிறதா என்று கேளுங்கள். கூகுளின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங் நூலில் முதலில் பார்க்கச் சொன்ன நான்கு அளவுகள், பதில் வரும் தாமதம், வரும் கோரிக்கைகளின் அளவு, பிழைகள், திறன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. சிபியு 95இல் ஓடியும் பக்கம் அரை வினாடியில் திறக்கிறதென்றால் கொடுத்த காசுக்கு இயந்திரம் உழைக்கிறது என்று விட்டுவிடலாம். சிபியு 10இல் இருந்தும் பத்தில் ஒரு கோரிக்கைக்கு 500 பிழை வருகிறதென்றால் அப்போதே எழுப்புங்கள். அதே நூல், ஒரு ஆன்கால் ஷிப்டுக்குச் சராசரியாக இரண்டு நிகழ்வுகளுக்கு மேல் வரக்கூடாது என்கிறது. அதற்கு மேல் வந்தால் ஒருவரால் காரணத்தைத் தேடிச் சரிசெய்து எழுதி வைக்க முடியாது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். எங்கள் ஷிப்டில் முதல் அரை மணியிலேயே அந்த இரண்டு தீர்ந்துவிடுகிறது.

குறைத்தால் ஆபத்து என்று இன்னும் தயங்குகிறவர்களை மருத்துவமனைப் பக்கம் பார்க்கச் சொல்கிறேன், அங்கே பணயம் உயிர். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தனக்குத் தெரிவிக்கப்பட்ட அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்ததாக 2013 ஏப்ரலில் அறிவித்தது. ஓயாமல் ஒலிக்கும் சத்தத்துக்குக் காதுகள் பழகிப்போவதும் அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பாஸ்டன் மெடிக்கல் சென்டர் தன் இதய நோய்ப் பிரிவு ஒன்றில் என்ன செய்தது தெரியுமா? யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாத கீழ்நிலை அலாரங்களின் சத்தத்தை நிறுத்தினார்கள். உண்மையிலேயே ஆபத்தானவற்றை மேல்நிலைக்கு உயர்த்தினார்கள். நோயாளிக்கு ஏற்றபடி வரம்பை மாற்றும் உரிமையைப் படுக்கையருகில் நிற்கும் நர்ஸுகளிடம் கொடுத்தார்கள். வாரத்துக்குச் சுமார் 90,000 ஆக இருந்த அலாரங்கள் சுமார் 10,000 ஆகக் குறைந்தன.

நர்ஸுகளிடம் உரிமை கொடுத்தார்கள் என்பதை இன்னொரு முறை படியுங்கள். நம் நிலைமை நேர்மாறானது. இரவில் ஒரு வரம்பு தவறு என்று எங்களுக்குத் தெரிந்தாலும் அதைத் தொட முடியாது. மாற்றக் கோரிக்கை போட வேண்டும், அது வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போகும், அங்கே 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்பார்கள். அந்தச் சர்வரோடு விடிய விடிய இருப்பவருக்கு அதன் மூச்சு எப்படி ஏறி இறங்கும் என்று தெரியும். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும் இரவு எது, ஞாயிறு அதிகாலை இன்டெக்ஸ் கட்டும் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அந்த அறிவுக்கு உங்கள் விதிக் கோப்பில் ஒரு வரிகூட இடமில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இது. இந்த மாதத்துக்குள் ஒரு நாள் எங்களோடு உட்காருங்கள். கடந்த ஒரு மாதத்தில் போன எச்சரிக்கை மெயில்களை விதிவாரியாகப் பிரித்து எடுத்து வாருங்கள், எது அதிகம் அனுப்பியதோ அது மேலே இருக்கட்டும். ஒவ்வொரு விதிக்கும், 'இது வந்தபோது யாராவது ஏதாவது செய்தீர்களா?' என்று எங்களைக் கேளுங்கள். செய்தோம் என்றால் அந்த விதி இருக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை மெயிலிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுவோம், கீழே அதற்குப் பொறுப்பான டீமின் பெயரும் இருக்கட்டும். செய்யவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து வரம்பையோ நேரத்தையோ மாற்றுவோம், அல்லது மெயிலை நிறுத்திவிட்டுக் கிராஃபனா வரைபடத் திரைக்கு அனுப்பிவிடுவோம். எந்த அளவும் பதியப்படாமல் போகாது. ஆராயும்போது எல்லாமே வேண்டும். எழுப்பும் பட்டியலிலிருந்து மட்டும்தான் எடுக்கச் சொல்கிறோம்.

அதன் பிறகு வரம்பை மாற்றும் உரிமையை ஆன்காலில் இருப்பவருக்குக் கொடுங்கள். இருவர் ஒப்புதலோடு, காரணத்தை கிட்டில் எழுதி வைத்துவிட்டு மாற்றுகிறோம். தவறென்று பட்டால் காலையில் வந்து நீங்கள் திருப்பி வைக்கலாம். அக்னாலெட்ஜ் நிமிடக் கணக்கை எங்கள் மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, நடவடிக்கை தேவைப்படாமல் எத்தனை மெயில் போனது என்ற கணக்கை உங்கள் மாதாந்திர அறிக்கையில் சேருங்கள். ஆர்சிஏ கூட்டத்தில் யாராவது 'அலர்ட் போட்டுவிட்டோம்' என்றால், அதைப் பெறப் போகிறவர் ஒருவரும் அந்த அறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்தை லோடு விதியிலிருந்தே தொடங்கலாம். மாலை ஐந்து மணிக்கு வையுங்கள். பகல் ஷிப்ட் முடித்துக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள், இரவு ஷிப்ட் ஆட்கள் கேப்பில் வந்து இறங்கியிருப்பார்கள், எல்லோரும் சேர்ந்து உட்கார முடியும். அறையும் தேதியும் சொல்லுங்கள், பட்டியலோடு வந்துவிடுகிறோம்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
இரவு ஷிப்டிலிருந்து